சாவா மூவாக் காணிக்கை
(திருக்கோயில் கொடையும் மகளிர் வாழ்வும்)



அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில்கொண்டருளும் முறை தனித்தன்மை வாய்ந்தது. கருவறையில் கைதேர்ந்த சிற்பி வடித்த திருமேனியை எதிர்நோக்கிச் செல்பவர்கள் அங்கே நெடிய கற்கம்பம் ஒன்றையே சேவிப்பார்கள். கம்பமே பெருமாள். காட்டில் கிடந்த அக்கம்பத்தின்மேல் ஒரு பசு தானே பால் சொரிய, பசுவைத் தேடிச் சென்ற குடியானவர் அவ்விடத்தில் எம்பெருமானைக் கண்டுகொண்டார் என்று தலவரலாறு பேசும். உழவர் குடிக்கு முதலிற் காட்சி தந்த பெருமாளாதலின், உழுதுண்டு வாழ்வோர் அவனைத் தங்கள் இல்லத்துப் பெரியவனாகவே கொண்டாடுகின்றனர். ஸ்ரீராமநவமியையொட்டி நடைபெறும் பெருந்திருவிழாவுக்கு அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வெள்ளமெனத் திரள்வர். வருவோர் வெறுங்கையராய் வருவதில்லை. விளைந்த தானியத்தில் ஒரு பங்கை மூட்டையாகக் கட்டிக் கொணர்வர். ஆடு மாடுகளையும் நேர்ந்துவிடுவர்.

அம்மூட்டைகளைச் சுமந்துவரும் தலைகளைச் சற்றே உற்று நோக்குவோம். அவற்றுட் பல பெண்களின் தலைகள். நாற்று நட்டவள் அவள். களை எடுத்தவள் அவள். பருத்தி எடுத்தவளும், மக்காச்சோளம் ஒடித்தவளும், சின்ன வெங்காயம் பறித்தவளும், முந்திரி பொறுக்கியவளும் அவளே. பெருமாள் திருமுன் கொட்டப்படும் தானியத்தில் அவள் வியர்வை படாத மணி ஒன்றேனும் உண்டோ? ஆயினும் நிலத்தின் பட்டாவில் அவள் பெயர் இருப்பது அருமை. காணிக்கைச் சீட்டிலும் குடும்பத் தலைவர் பெயரே எழுதப்படுகிறது.

ஆதலின் நம்முன் ஒரு வினா எழுகிறது. அவள் சுமந்துவந்த காணிக்கை அவள் வாழ்வுக்குத் திரும்பி வருவதற்கு ஒரு வழி உண்டா? பெருமாளின் பெயரால் நாம் செய்யும் கொடை, பெண்ணைத் தன் காலில் நிற்கச் செய்யும் ஆற்றல் உடையதா? இவ்வினாவுக்கு நம் ஆசாரியர்களின் வாழ்வும், நம் மண்ணின் கல்வெட்டுகளும், அண்மைக்கால வரலாறும் விடை பகர்கின்றன. அவற்றை முறையே ஆராய்வோம்.

ஈகை நோன்பின் உறுப்பு

திருப்பாவை முப்பதும் ஒரு கன்னிப்பெண் பாடியவை. மார்கழி நோன்பின் விதிகளை வகுத்துரைக்கும் இரண்டாம் பாசுரத்தில், விலக்க வேண்டியவற்றையும் செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவரும் ஆண்டாள், ஈகையையும் அவற்றோடு சேர்த்தே வைக்கிறாள். நோன்பு முடிந்தபின் வசதியுள்ளோர் செய்யும் உபகாரமாக அவள் அதனைக் கருதவில்லை. நீராடுதல் எவ்வளவு இன்றியமையாததோ, கொடுத்தலும் அவ்வளவு இன்றியமையாதது. அன்றியும் அவள் தனியே நோற்கவில்லை. உறங்கும் தோழியரை வீடு வீடாகச் சென்று எழுப்பி, அனைவரையும் உடன்கூட்டியே எம்பெருமானிடம் செல்கிறாள். பெண்கள் ஒன்றுகூடி, ஒன்றாக முடிவு செய்து, ஒன்றாகப் பெறுவதே அவள் காட்டிய நெறி. இவ்விரண்டு செய்திகளையும் நாம் மனத்திற் பதித்துக்கொள்வோம்.

கொடுப்பவனின் அகந்தை

கொடுக்க வேண்டும் என்பது தெளிவு. எவ்வாறு கொடுக்க வேண்டும் என்பதை உறங்காவில்லி தாசர், பொன்னாச்சியார் தம்பதியரின் வரலாறு உணர்த்தும்.

உறையூரில் மல்லராயிருந்த தாசர், உடையவரின் அருளால் நம்பெருமாளின் திருக்கண்ணழகுக்கு ஆட்பட்டு, மனைவியாரோடு அரங்கத்துக்கே வந்து வாழ்ந்தவர். காவிரியில் நீராடி மீளும்போது உடையவர் இவர் கையைப் பற்றிக்கொண்டு வருவது வழக்கம். பிறப்பால் உயர்ந்தோம் என்று எண்ணியிருந்த சீடர் சிலருக்கு அது பொறுக்கவில்லை. அவர்களுக்குப் பாடம் புகட்ட விரும்பிய உடையவர், ஓர் இரவில் தாசரைத் தம்மிடம் இருத்திக்கொண்டு, அவர் இல்லத்தில் உறங்கும் பொன்னாச்சியாரின் நகைகளைக் கழற்றி வருமாறு அச்சீடர்களை ஏவினார். அவர்கள் ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றியதும், விழித்திருந்த அவ்வம்மையார் மறுபக்கத்து நகைகளையும் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று மெல்லப் புரண்டு படுத்தார். சீடர்களோ அஞ்சி ஓடிவிட்டனர். வீடு திரும்பிய தாசர் நடந்ததைக் கேட்டு மகிழவில்லை, வருந்தினார். அந்நகைகள் நம்முடையவை, நாம் தருகிறோம் என்ற எண்ணம் வந்ததனால் அன்றோ நீ அசைந்தாய். எல்லாம் எம்பெருமானுடையவை என்றிருந்தால் வாளா கிடந்திருப்பாயே என்று உரைத்தார். மறைந்திருந்து கேட்ட சீடர்கள் நாணித் தலைகுனிந்தனர்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? தருகிறேன் என்ற நினைவு எழும்போதே தானம் பழுதுபடத் தொடங்குகிறது. தருபவன் மேலே, பெறுபவன் கீழே என்ற ஏற்றத்தாழ்வு அங்கே பிறந்துவிடுகிறது. நம் திருவிழாக்களில் ஏழைப் பெண்களுக்குச் சேலை வழங்கும்போது, அவர்களை மேடையேற்றி, பெயர் சொல்லி அழைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்து வழங்குகிறோமே, அந்தப் பெண்ணின் நெஞ்சம் அவ்வேளையில் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பெறுபவள் தலைகுனியாதபடி கொடுப்பதே வைணவக் கொடை.

சாவா மூவாப் பேராடு

இனி நம் கல்வெட்டுகளின்பால் வருவோம். மேலப்பழுவூர், கீழப்பழுவூர், திருமழபாடி, கோவிந்தபுத்தூர் என்று அரியலூர் மாவட்டத்துப் பழங்கோயில்கள் பலவற்றின் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. சோழநாட்டுக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்பெறும் கொடைகளுள் ஒன்று நந்தாவிளக்கு. அதாவது இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு. அதற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பெற்றன. அவ்வாடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்துவர வேண்டும். அவ்வாடுகளைக் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு என்று குறிக்கின்றன. சாவாதவை, மூப்படையாதவை என்பது பொருள்.

ஆடு சாவாதிருக்குமா? தனி ஆடு சாகும், மந்தை சாகாது. கிழ ஆடு கழிந்தால் குட்டி அவ்விடத்தை நிரப்பும். முதல் குறையாது; பயன் மட்டும் நாள்தோறும் உழக்கு நெய்யாகச் சுரக்கும். அவ்விளக்குச் சந்திரனும் சூரியனும் உள்ளவரை எரிய வேண்டும் என்று கொடையாளர் விரும்பினர். ஒரே நாளில் 96 ஆடுகளின் விலைக்கும் நெய் வாங்கி ஊற்றியிருந்தால் பேரொளி வீசியிருக்கும். சில காலத்தில் அணைந்தும் போயிருக்கும். நம் முன்னோர் பேரொளியை விரும்பவில்லை, அணையாமையை விரும்பினர். இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

இத்தகைய கொடையாளரிற் பெண்கள் பலர். அரசியர் மட்டுமல்லர், அரண்மனைப் பணிப்பெண்களும், கோயிற் பெண்களும், ஊர்ப் பெருமக்களின் மனைவியரும் தம் பெயரிலேயே கொடுத்திருக்கின்றனர். தம் பெயரில் கொடுக்கப் பொருள் வேண்டும். அப்பொருளின்மேல் உரிமை வேண்டும். கல்லில் பொறித்த ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அவள் கையிலிருந்த உரிமைக்குச் சான்று.

நம் மண்ணில் வாழும் ஒரு பெயர்

அவர்களுள் தலையாயவர் செம்பியன் மாதேவியார். முதற் பராந்தகனின் மைந்தரான கண்டராதித்த சோழரின் தேவியார் இவர். அரியலூர் மாவட்டத்துக் கண்டிராதித்தம் என்னும் ஊர் அவ்வரசர் பெயரையும், அங்குள்ள பேரேரி தேவியார் பெயரையும் தாங்கி நிற்பதை அன்பர்கள் அறிவர். 957ஆம் ஆண்டளவில் கணவரை இழந்தபோது இவர் கைக்குழந்தையோடு நின்றவர். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஐந்து அரசர்களின் காலத்தைக் கடந்து, செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக எடுப்பித்தார். நிலமும் பொன்னும் நல்கினார். கைம்பெண் மங்கலக் காரியங்களில் முன்னிற்கலாகாது என்று சொல்வோர் இன்றும் உளர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சோழநாட்டின் மிகப் பெரிய திருப்பணிகளை முன்னின்று நடத்தியவர் ஒரு கைம்பெண் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்போம்.

அவர் செய்கை ஒன்று நாம் கருதத்தக்கது. திருக்கோடிகாவில் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழஞ்சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவர்களில் மீண்டும் பொறிக்கச் செய்தார். தம் பெருங்கொடையால் பிறருடைய சிறுகொடைகள் மறைந்துபோக அவர் இசையவில்லை. நூறு ரூபாய் கொடுத்தவர் பெயரைப் பத்தாயிரம் கொடுத்தவர் பெயர் விழுங்கிவிடும் இக்காலத்தில், இப்பண்பு எவ்வளவு அருமையானது!

விண்ணகரமும் மருத்துவமும்

கொடை விளக்கோடு நின்றதில்லை. முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் தஞ்சையில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலைக்கு நிலம் அளித்து மருத்துவம் நடைபெறச் செய்தார். ஆதுலர்சாலை என்பது மருத்துவமனை.

இதனினும் விரிவாக அமைந்தது திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிற் கல்வெட்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்து எழுந்தருளிய அப்பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் ஒரு கல்விச்சாலையும், மாணவர் உண்டு உறைவதற்கான ஏற்பாடும், 15 நோயாளிகள் தங்கக்கூடிய ஆதுலசாலையும் நடைபெற்றன. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்பவர்கள் ஆகியோரோடு, நோயாளரைப் பேண இரண்டு பெண்களும் அங்கே பணிபுரிந்தனர். அவர்களுக்கு உரிய ஊதியமும் கல்லிலே வகுக்கப்பட்டது. பெண்ணின் உழைப்புக்குக் கோயில் கூலியை நிர்ணயித்துப் பொறித்துவைத்த செய்தி இது. அம்மன்னன் அரசிருந்த தலைநகரம் கங்கைகொண்டசோழபுரம். அது இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. கல்வியும் மருத்துவமும் பெருமாள் கைங்கரியமே என்பதற்கு நம் மண்ணிலிருந்து ஆண்ட மன்னனின் காலமே சான்றாயிற்று.

மறைக்கலாகாத நிழல்

முன்னோர் பெருமை பேசுங்கால் அவர்கள் பிழையையும் மறைத்தல் ஆகாது. கோயிற் பெண்டிர்க்குப் பொருளுரிமையும் மதிப்பும் இருந்த காலம் உண்டு. ஆயின் பெண்களை விலைக்கு விற்றுக் கோயிலுக்கு ஆளாக்கிய செய்திகளும் கல்வெட்டுகளில் உள்ளன. பிற்காலத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சீரழிந்து, அறியாப் பருவத்துச் சிறுமியரின் வாழ்வைக் கருக்கியது. அதனை எதிர்த்துச் சட்டமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் போராடியவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவ்வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. அதே ஆண்டில்தான், காலங்காலமாகக் கோபுரவாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களுக்குக் கோயிற் கதவு திறக்கச் செய்யும் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது.

பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் ஒரே ஆண்டில் நீதி வழங்கப்பட்டது தற்செயலாகலாம். ஆயின் இரண்டுக்கும் வேர் ஒன்றே. மேல்கோட்டையில் ஒடுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டழைத்துத் திருக்கோயிலுக்குள் புகவைத்த உடையவரின் திருவுள்ளம், எண்ணூறு ஆண்டுகள் கழித்துச் சட்டமாகி வந்தது என்று கொள்வதில் தவறில்லை. பின்னர், தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்கீழ் அமையும் அறங்காவலர் குழுக்களில் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் ஒருவரும், பெண் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்பதும் விதியாயிற்று. கொடுக்கும் கையாக மட்டுமன்றி, கொடையை ஆளும் கையாகவும் பெண் இருக்க வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து.

உண்டியற் காசு கல்லூரியான கதை

காணிக்கை பெண்ணின் வாழ்வாக மலர்ந்ததற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் உண்டா என்று வினவலாம். உண்டு. திருவேங்கடமுடையானுக்கு அடியார்கள் செலுத்திய காணிக்கையால் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1952இல் திருப்பதியில் ஸ்ரீபத்மாவதி மகளிர் கல்லூரியைத் தோற்றுவித்தது. பெண்ணுக்குப் பள்ளிப்படிப்பே மிகை என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. தமிழ்நாட்டிலும் குற்றாலத்தில் திருக்குற்றாலநாதர் கோயிலின் சார்பில் 1964இல் பராசக்தி மகளிர் கல்லூரியும், பழனியில் தண்டாயுதபாணி சுவாமி கோயிலின் சார்பில் 1970இல் அருள்மிகு பழனியாண்டவர் மகளிர் கலைக்கல்லூரியும் தோன்றின. உண்டியலில் ஒரு கிழவி முடிச்சவிழ்த்துப் போட்ட நாலணா, அவள் அறியாத ஒரு சிறுமியின் பட்டமாகியது. அச்சிறுமி ஆசிரியையாகி இன்னும் நூறு பேருக்கு எழுத்தறிவித்தாள் எனின், அந்நாலணாவும் சாவா மூவாக் காணிக்கையே அன்றோ?

கல்வியைக் கேட்டுப் பெற்ற பெண்ணொருத்தி நம் குருபரம்பரையிலும் உண்டு. கொங்குநாட்டில் பஞ்சம் வந்தபோது திருவரங்கம் வந்து தங்கிய கொங்கில் பிராட்டி, பிட்சைக்கு எழுந்தருளிய உடையவரை மறித்து, அரசரும் உம் காலில் விழக் காரணம் என்ன என்று வினவினாள். சில நல்வார்த்தைகளைச் சொல்கிறோம் என்றார் அவர். அவற்றை எனக்கும் சொல்லலாகாதோ என்று கேட்டுத் துவயத்தைப் பெற்றாள். ஊருக்குத் திரும்பும் வேளையில் அது மறந்துபோக, மீண்டும் கேட்டாள். மீண்டும் அருளினார். பஞ்சம் பிழைக்க வந்த பெண் என்றும், ஒருமுறை சொன்னதை மறந்தவள் என்றும் அவர் ஒதுக்கவில்லை. கேட்ட பெண்ணுக்கு இரண்டாம் முறையும் வாய்ப்பளிப்பது ஆசாரியன் காட்டிய வழி.

நம் மாவட்டங்களின் நிலை

திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001இல் பிறந்த அரியலூர் மாவட்டம் அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு இணைக்கப்பெற்று, 2007இல் மீண்டும் தனித்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, ஆயிரம் ஆண்களுக்கு அரியலூரில் 1015 பெண்களும், பெரம்பலூரில் 1003 பெண்களும் இருந்தனர். இது மகிழ்ச்சி தரும் கணக்கே. ஆயின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எண்ணினால், ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெரம்பலூரில் 913 பெண் குழந்தைகளே இருந்தன, அரியலூரில் 897. தமிழ்நாட்டின் சராசரி 943. நம்மினும் கீழே நின்றது அண்டை மாவட்டமான கடலூர் மட்டுமே.

அடியார்களே, இவ்வெண்களைச் சற்று நின்று நோக்குங்கள். வராமற்போன அக்குழந்தைகள் எங்கே? ஆயர்பாடியில் பெண்பிள்ளைகளைத் தோழியராகக் கூட்டிச் சென்ற ஆண்டாளைப் பாடும் நாம், துளசிவனத்தில் கண்டெடுத்த பெண் குழந்தையைத் தம் மகளாக வளர்த்த பெரியாழ்வாரைப் போற்றும் நாம், நம் தெருவில் பெண் பிறந்தால் பெருமூச்சு விடுகிறோம். பெரியாழ்வார் அக்குழந்தையின் குலம் வினவவில்லை, சீர்செலவு கணக்கிடவில்லை. 1992இல் சேலத்தில் தொடங்கப்பெற்ற தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2011இல் நம் இரு மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்த வேண்டியிருந்தது என்பது நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி.

எழுத்தறிவிலும் இடைவெளி பெரிது. அதே கணக்கின்படி அரியலூரில் ஆண்களில் நூற்றுக்கு 81 பேர் எழுத்தறிந்திருக்க, பெண்களில் 62 பேரே அறிந்திருந்தனர். பெரம்பலூரில் இவை 83, 66. பெண் குழந்தை சுமை என்று கருதப்படுவதற்கு அடிப்படைக் காரணம் அவள் கையில் பொருளின்மையும் படிப்பின்மையுமே. சட்டம் தன் கடமையைச் செய்திருக்கிறது. 1989இல் தமிழ்நாடு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு அளித்தது. 2005இல் நாடு முழுமைக்கும் அது விரிந்தது. அதே 1989இல்தான் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தோன்றின. 12 முதல் 20 பெண்கள் கூடி, வாரந்தோறும் சிறுதொகை சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து வாங்கி, பின்னர் வங்கியின் வாயிலையும் தட்டினர். சற்றே எண்ணிப் பாருங்கள்: முதல் அழியாமல் பயன் சுழல்வதும், தோழியர் ஒன்றுகூடிப் பெறுவதும் நமக்குப் புதியனவா? முன்னது நந்தாவிளக்கு ஆட்டின் இலக்கணம். பின்னது திருப்பாவை நோன்பின் இலக்கணம்.

யாத்திரைக் கோஷ்டிகள் செய்யத்தக்கது

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். கோயிலுக்குச் செலுத்திய தானியமும் கால்நடையும் உண்டியற் பணமும் பெருமாளுடைய உடைமை. சட்டப்படி நிருவாகத்தினரே அவற்றைக் கையாள்வர். அதனை வேறு காரியத்துக்குத் திருப்ப எவருக்கும் உரிமையில்லை. நாம் சொல்ல வருவது, ஒவ்வோர் ஊரிலிருந்தும் கோஷ்டியாக வரும் அடியார்கள் தம் ஊரிலேயே, பெருமாள் பெயரால், தனியே செய்யத்தக்க தருமம்.

ஐந்து பெட்டையாடுகளை ஒரு கோஷ்டி வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். தெருவில் துணையின்றி வாழும் ஐந்து பெண்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்கட்டும். ஆட்டை வாரத்துக்கு விட்டு வளர்க்கும் வழக்கம் நம் ஊர்களுக்குப் புதிதன்று. அம்முறையிலேயே, ஆடு அவளுக்கே உரியதாகட்டும். அது ஈனும் பெட்டைக்குட்டி ஒன்றை வளர்த்து, அடுத்த பெண்ணுக்கு அவள் தரட்டும். ஒரு சுற்றுக்கு ஈராண்டு ஆயினும், பத்தாண்டில் 25 பெண்களுக்கு ஆடு வாய்க்கும். அதே பணத்துக்குச் சேலைகள் எடுத்துக் கொடுத்தால் ஓராண்டில் அவை நைந்துபோகும். மேலும் சேலையைப் பெற்றவள் கைநீட்டியவளாகவே நிற்கிறாள். குட்டியை அடுத்தவளுக்குக் கொடுத்தவளோ கொடையாளியாகிறாள். செம்பியன் மாதேவியாரின் வரிசையில் அவளும் ஒருத்தி.

இத்தருமத்துக்கு நான்கு நெறிகள் வேண்டும்.

முதலாவது, முதல் அழியலாகாது. ஆயினும் நோயால் ஆடு மாண்டால் அக்கடனைப் பெண்ணின் தலையில் ஏற்றலாகாது. ஆட்டைப் பெற்ற இடையர் எக்காலத்தும் நெய் அளந்தே தீர வேண்டும் என்பது பழைய நியதி. அக்கண்டிப்பு இங்கே பொருந்தாது. இழப்பைக் கோஷ்டியே தாங்குக.

இரண்டாவது, பெற்றவள் பெயரை விளம்பரம் செய்யலாகாது. பொன்னாச்சியார் வரலாற்றை நினைவிற் கொள்க.

மூன்றாவது, யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவுசெய்யும் இடத்தில் பெண்கள் பாதியேனும் இருத்தல் வேண்டும். ஊரின் எல்லாத் தெருக்களும் அங்கே அமர வேண்டும். காலனித் தெருவைக் கேளாமல் காலனிப் பெண்ணுக்கு எது நல்லது என்று முடிவு செய்வது, கோபுரவாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த பழைய பிழையின் மறுவடிவமே.

நான்காவது, கணக்கு எழுதிப் படிக்க வேண்டும். நம் முன்னோர் கணக்கைக் கல்லிலே எழுதினர். நாம் தாளிலேனும் எழுதுவோம். ஆண்டுக்கொரு முறை, திருவிழாவுக்குப் புறப்படுமுன், கோஷ்டியார் அனைவர் முன்னிலையிலும் அதனை எழுத்தறிந்த ஒரு சிறுமி உரக்கப் படிக்கட்டும். அச்சிறுமியின் குரலைக் கேட்கும் தாய்மார்கள், பெண்பிள்ளையைப் படிக்கவைப்பதன் பயனை வேறெவரும் சொல்லாமலே உணர்வர்.

ஆடு ஓர் எடுத்துக்காட்டே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்குக் கல்லூரியில் சேரப் பணம் கொடுத்து, அவள் வேலைக்குச் சென்றபின் அடுத்தவளுக்கு அத்தொகையைத் தரச் செய்யலாம்; தையற்பொறி வாங்கித் தரலாம்; பெண் குழந்தை பிறந்த வீட்டுக்குக் கோஷ்டியார் சீர்கொண்டு சென்று, அக்குழந்தையின் பெயரில் அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கலாம். பெரம்பலூர் மதனகோபாலரையும் அரியலூர் கோதண்டராமரையும் சேவிக்கும் நம் ஊர்களில், பெண் பிறந்த வீட்டுக்கு மேளதாளத்தோடு செல்லும் வழக்கம் ஒன்று தோன்றுமாயின், அதனினும் உயர்ந்த உற்சவம் வேறுண்டோ?

நிறைவாக

பழங்கல்வெட்டுகளின் முடிவில் ஒரு வேண்டுகோள் வழக்கமாகக் காணப்பெறும். இவ்வறத்தைக் காப்பவருடைய திருவடி என் தலைமேல் என்று கொடையாளர் கூறுவர். ஊரும் பேரும் தெரியாத, இன்னும் பிறவாத ஒருவரின் கால்களை நோக்கி அவர்கள் தலை தாழ்த்தினர். கொடுத்தவர் பெரியவர் அல்லர். கொடையைத் தொடர்ந்து காப்பவரே பெரியவர் என்பது அவர்கள் துணிபு.

அடுத்த திருவிழாவுக்கும் அந்தத் தாய் தானிய மூட்டையைத் தலையில் சுமந்து வருவாள். அவள் பக்கத்தில் அவள் மகளும் நடந்து வரட்டும். அவள் தோளில் புத்தகப்பை இருக்கட்டும். பின்னே ஒரு பெட்டையாடும் குட்டியும் அவள் பெயரிலேயே அவள் கொல்லையில் மேயட்டும். மூட்டையை இறக்கிவைத்துக் கைகூப்பும்போது அவள் முகத்தில் எழும் நிறைவே எம்பெருமான் திருவுள்ளம் உகக்கும் நந்தாவிளக்கு. அவ்விளக்கு நம் ஊர்கள்தோறும் அணையாது எரியக் கலியுக வரதன் திருவருள் புரிவானாக!